கைதானவரைக் குற்றவாளி என்று சொல்வதில் என்ன தவறு?

"போலீஸ் சும்மா கைது செய்யுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும். நாகர்கோவிலைச் சேர்ந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

ராக்கெட் ரகசியங்களை பாகிஸ்தானுக்கு விற்றதாக 1994 நவம்பரில் கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. ஏறத்தாழ ஐம்பது நாள் காவலில் இருந்தார். குற்றப்பத்திரிகைகூட வராத நிலையிலேயே நாளேடுகள் அவரை 'உளவாளி' ஆக்கிவிட்டன. வீட்டார் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. 1996இல் சிபிஐ, குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் மாநில அரசு மறுவிசாரணைக்கு முயன்றது என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. 1998இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018இல், கைதே தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இடையே ஓடியவை 24 ஆண்டுகள்.

கைது என்பது சந்தேகத்தின் பேரில் நடப்பது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. நிரபராதி என்று காட்டும் சுமை, சில தனிச்சட்டங்களைத் தவிர, தனிமனிதர் மேல் இல்லை. சிறை, போலீஸ், வழக்கறிஞர் படை என எல்லாம் ஒரு பக்கம் இருக்கும்போது இது சலுகை ஆகாது. நற்பெயரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமைதான் என உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதுங்கள். யார் சாட்டினார்கள், ஆதாரம் என்ன, அவர் தரப்பு என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விடுதலையானால் அந்தச் செய்தியையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.