சம்பளம் உயர்ந்தது, சாப்பாட்டுச் செலவு அதைவிட வேகமாக உயர்ந்தது

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரு பிள்ளைகளுடன் வசிக்கிறோம். மனைவி மீண்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மத்திய சேமநிதிப் பிடித்தம் போகக் கைக்கு வரும் குடும்ப வருமானம் மாதம் 4,800 வெள்ளியிலிருந்து 7,400 வெள்ளியாக உயர்ந்துள்ளது. ஆனால் 900 வெள்ளியாக இருந்த சாப்பாட்டுச் செலவு 1,700 ஆகிவிட்டது. இது இயல்புதானா? முன்பிருந்த ஒரு மாத ரசீதுகளையும் இப்போதைய ஒரு மாத ரசீதுகளையும் இணைத்துள்ளேன்.

பதில்: வருமானம் கூடும்போது சாப்பாட்டுக்குச் செலவிடும் தொகையும் கூடுவது இயல்புதான், ஆனால் வருமானத்தில் அதன் பங்கு பொதுவாகக் குறையும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். உங்கள் வீட்டிலோ அந்தப் பங்கு 19 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாக ஏறியிருக்கிறது. எனவே உங்கள் கவலை நியாயமானது.

கூடுதலான 800 வெள்ளியில் ஏறக்குறைய 170 வெள்ளிதான் தேக்கா சந்தையிலும் பேரங்காடியிலும் செலவாகியுள்ளது. அரிசி குறைந்து, வஞ்சிரம், இறால், கீரை, பழம் ஆகியவை கூடியிருக்கின்றன. வசதி வந்த குடும்பங்களில் உலகெங்கும் காணப்படும் மாற்றம் இது. பிள்ளைகள் வளரும் வீட்டில் இதில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

மீதி 630 வெள்ளி உணவகங்களுக்கும் வீட்டுக்கு வரவழைத்த உணவுக்கும் போயிருக்கிறது. உணவகத்தில் 80 வெள்ளிக்குச் சாப்பிட்ட ஒரு ரசீதைப் பாருங்கள்: 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 88 வெள்ளியாகி, அந்த 88-இன் மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் ஏறி, நீங்கள் கட்டியது 95 வெள்ளி 92 காசு. சிறு உணவுக் கடைகள் பல ஒன்றாக இருக்கும் உணவங்காடி நிலையத்தில் இந்தச் சேவைக் கட்டணம் கிடையாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வரவழைத்த உணவுக்கான ரசீதுகளில் பெரும்பாலானவை வார நாள்களில் இரவு ஏழரை மணிக்கு மேல் பதிவானவை. ஆக, நீங்கள் ருசிக்காகச் செலவிடவில்லை; சமைக்க நேரமில்லாததற்காகச் செலவிடுகிறீர்கள். வேலைக்குப் போய்க் களைத்து வரும் மனைவியிடமே அந்தச் சமையலைத் திரும்ப ஒப்படைப்பது தீர்வாகாது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சேர்ந்து தோசை மாவு அரைத்து, மீனைக் கழுவி மசாலா தடவி உறைபெட்டியில் வைத்துவிட்டால், வாரத்தில் மூன்று இரவுகளைச் சமாளிக்கலாம். மற்ற நாள்களில் வீடு திரும்பும் வழியில் உணவங்காடி நிலையத்தில் பொட்டலம் கட்டி வாங்கி வாருங்கள்.

இப்படி மொத்தச் செலவை 1,350 வெள்ளிக்குள் கொண்டுவந்தால் பங்கு 18 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மிச்சமாகும் 350 வெள்ளியை, சம்பளம் வங்கிக் கணக்கில் சேரும் அன்றே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி சேரும்வரை தொடாதீர்கள்.