பாட்டி காலத்து வெள்ளிச் சிமிழ்: கேள்வி பதில்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெள்ளிப் பட்டறை வேலை. கல்யாணச் சீரில் வந்த பழைய சிமிழ், சிந்தூரப் பெட்டி பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கே: மாமியார் ஒரு வெள்ளிப் பெட்டி கொடுத்தார். உள்ளங்கை அளவு, மூடியில் மயில், உள்ளே மூன்று அறை, மூடிக்குள் சின்னக் கண்ணாடி. இது நம் ஊர் குங்குமச்சிமிழா?

நம் பக்கத்துச் சிமிழ் பெரும்பாலும் ஒரே அறைதான், உருண்டையாக, மூடியில் மொட்டு மாதிரி ஒரு பிடியோடு இருக்கும்; மஞ்சளுக்கும் குங்குமத்துக்குமாக இரட்டைச் சிமிழும் உண்டு. அறை பிரித்து, கண்ணாடியும் பதித்திருந்தால் எனக்கு முதலில் தோன்றுவது வடக்கு அல்லது மராட்டியப் பக்கம். மயிலை வைத்து ஊரைச் சொல்ல முடியாது, அது எல்லா ஊரிலும் உண்டு. மராட்டியப் பெண்கள் அந்தக் காலத்தில் நெற்றியில் முதலில் மெழுகைத் தொட்டு வைத்து அதன்மேல்தான் குங்குமம் இடுவார்கள். அதனால் அவர்களுடைய பெட்டியில் சீப்பு, கண்ணாடி, குங்குமம் இவற்றோடு மெழுகுக்கும் ஓர் இடம் இருக்கும். உங்கள் பெட்டியில் ஓர் அறை மட்டும் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தஞ்சாவூரை மராட்டியர் 1676 முதல் 1855 வரை ஆண்டார்கள், அவர்களோடு வந்த குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. மாமியார் வீட்டுக்குத் தஞ்சாவூர்த் தொடர்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்பதுதான் சரி, ஏனென்றால் அவர்கள் போய்விட்டால் அந்தப் பதிலை வேறு யாரிடமும் வாங்க முடியாது.

கே: சிமிழுக்குள் பழைய சிவப்புப் பொடி ஒட்டியிருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் குங்குமம் போடலாமா?

சுரண்டவே சுரண்டாதீர்கள். நம் குங்குமம் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது, அதனால் பயமில்லை. ஆனால் வடக்கே வகிட்டில் இடுகிற பழைய சிந்தூரம் பல இடங்களில் ஈயச் செந்தூரம், சில இடங்களில் பாதரசச் சேர்மம், இரண்டுமே விஷம். துளி பொடியை வெள்ளைக் காகிதத்தில் தட்டி எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளாக மாறினால் அது மஞ்சள் குங்குமம். மாறாவிட்டால் ஈயம் என்றே வைத்துக்கொண்டு, கையுறை போட்டு, ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள். உலர்ந்த தூசியாகப் பறக்க விடக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கே: கன்னங்கரேலென்று கிடக்கிறது. விபூதி போட்டுத் தேய்க்கிறோம், சரியா?

நல்ல சன்னமான விபூதி என்றால் குத்துவிளக்கு, தட்டு போன்றவற்றுக்குப் பரவாயில்லை. நகாசு வேலை உள்ள பழைய பெட்டிக்கு வேண்டாம். காற்றில் இருக்கும் கந்தகத்தால்தான் வெள்ளி கறுக்கிறது. நகாசின் பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் பூவையும் கொடியையும் எடுத்துக் காட்டுகிறது, அதையும் வழித்துவிட்டால் முகம் இல்லாத பெட்டி ஆகிவிடும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் போடும் வித்தை பளிச்சென்று ஆக்கும்தான், ஆனால் பள்ளம் மேடு பார்க்காமல் எல்லாக் கறுப்பையும் எடுத்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் மேடான இடங்களை மட்டும் துடையுங்கள், போதும். பற்பசை கூடாது, கீறிவிடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கிறார்கள், அதிலும் கந்தகம் உண்டு, கோடு கோடாகக் கறுத்துவிடும்.

கே: முத்திரையே இல்லை. வெள்ளிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெள்ளிக்கு நம் நாட்டில் பிஐஎஸ் முத்திரை, அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தூய்மை முத்திரை, வந்ததே 2005-இல்தான். பழைய சிமிழில் அது இல்லாததுதான் இயல்பு. 'நூறு வருஷத்துப் பொருள்' என்று விற்பதில் அந்த முத்திரை இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடியோ அரக்கோ இல்லாத பெட்டிக்கு மட்டும். பெட்டியை எடை போடுங்கள், 105 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கி, பெட்டியைத் திறந்தபடி நூலில் கட்டி, அடியில் தொடாமல், காற்றுக் குமிழி தங்காமல் முழுக்க மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு சுமார் 10 கிராம் காட்டினால் வெள்ளி (வேறு எடை என்றால், பெட்டியின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்துப் பாருங்கள், சுமார் பத்தரை வர வேண்டும்). 12 காட்டினால் ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) அல்லது முலாம் பூசிய பித்தளை. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

கே: தாத்தா இல்லை. பாட்டியின் சிமிழை என் கல்யாணத்தில் வைக்கக் கூடாது என்று அத்தை சொல்கிறார். பாட்டிக்கு ஆசையாக இருக்கிறது.

வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அது பாட்டியின் சீதனம், அவருடைய சொந்தச் சொத்து, யாருக்குத் தருவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். வழக்கம் என்று அத்தை சொல்வது ஒரு காலத்து வழக்கம். அகநானூற்று 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. பந்தல், புது மணல், விளக்கு, உளுந்துப் பொங்கல் எல்லாம் உண்டு, குங்குமமும் இல்லை, தாலியும் இல்லை. இரண்டும் பிற்பாடு சேர்ந்து நமக்கு மங்கலம் ஆனவை. அறுபது வருஷம் அந்தச் சிமிழைத் திறந்து மூடிய கையாலேயே அதை வாங்கிக்கொள்ளுங்கள், அத்தையிடம் நிதானமாகச் சொன்னால் புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன்.

கே: மருமகள் வங்காளப் பெண். நீளமாக ஒரு வெள்ளிச் சிந்தூரச் சிமிழ் கொண்டுவருகிறாராம். சடங்கில் எங்கே சேர்ப்பது?

அதன் பெயர் காச்கௌட்டோ, மணப்பெண் கையிலேயே பிடித்திருப்பாள், எனவே சீர்த்தட்டில் வாங்கி வைத்துவிடாதீர்கள். அவர்கள் முறையில் சிந்தூரம் இடுவது கடைசியில், ஏழடியும் பொரியிடுதலும் முடிந்த பிறகு. பொரியிடுதல் நமக்கும் உண்டு, ஆகவே உங்கள் வீட்டில் அம்மியும் அருந்ததியும் முடிந்ததும் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பொருந்தும். மாப்பிள்ளை வகிட்டில் இடும்போது மூக்கில் கொஞ்சம் உதிர்ந்தால் நல்ல சகுனம் என்பார்கள், துடைக்க ஓடாதீர்கள். உடனே புதுச் சேலையால் அவள் தலையை மூடுவார்கள், அந்தச் சேலையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சிந்தூரம் மட்டும் ஈயம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

கே: மகளோடு அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

நூறு வருஷம் ஆனது என்றால் முடியாது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுபோகக் கூடாது. அவ்வளவு பழையது இல்லை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கி, கையோடு அனுப்புங்கள்.

கே: கீல் உடைந்துவிட்டது. எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எடைக்குப் போட்டால் டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்த்து, கழிவு போக, வெள்ளிக்கு மட்டும்தான் காசு, நகாசுக்கு ஒன்றும் கிடைக்காது. கீலைச் சரி செய்யலாம், பெரிய வேலையே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஈயப் பற்று வைக்க விடாதீர்கள். அப்படி ஒட்டிய ஒரு சிமிழ் எங்களிடம் வந்தது. ஈயம் இருப்பதைக் கவனிக்காமல் அப்பா ஊதுகுழலால் தீயை ஊதிச் சூடேற்றத் தொடங்கியதும், சூடேறிய இடத்தில் ஈயம் வெள்ளியை அரித்துக் குழியாக்கிவிட்டது. மயிலின் கழுத்து போய்விட்டது, அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. வெள்ளிப் பொடி (வெள்ளி கலந்த பற்று) வைத்து ஊதித் தருகிற ஆசாரியாகத் தேடிக் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.