ஐந்து வயதுக் குழந்தையோடு காட்டுப் பாதையில் நடந்துபோய்க் கோட்டை இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வர முடியுமா?

தாராளமாக முடியும். நாங்கள் முதலில் போனபோது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. அந்தத் தடவை நன்றாகச் சொதப்பினோம், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தப்பு நேரக் கணக்கில்தான். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேற்கொண்டு ஒரு மணி நேரம். அதை நம்பி, போக வர 6 கிலோமீட்டர்தானே, கொஞ்சம் ஏற்றம் இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று மதியத்துக்கு மேல் கிளம்பினேன். அது திடகாத்திரமான பெரியவர்கள் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. ஒரு மரவட்டை பாதையைக் கடந்து முடிக்கும்வரை என் மகன் இடத்தைவிட்டு அசையவில்லை. மொத்தம் நான்கு மணி நேரம் ஆனது. திரும்பும்போது அவன் என் தோளில் தூங்கிவிட்டான். வெளியே வானம் வெளுப்பாக இருக்கும்போதே மரங்களுக்கடியில் பாதை தெரியாமல் போய்விடும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் காலையிலேயே கிளம்பிவிடுவோம். போக வர 4 கிலோமீட்டருக்கு மேல் எடுப்பதில்லை.

இனி இடிபாடுகள். அறிவிப்புப் பலகையில் இருக்கும் அரசர் பெயர்களை வாசித்துக் காட்டினால் இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். என் மகள் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். “அப்பா, அடுப்பு ஏன் அந்தரத்துல தொங்குது?” நிமிர்ந்து பார்த்தால், நாலு ஆள் உயரத்தில், சுவரின் நடுவே கணப்பு அடுப்பு ஒன்று. உள்ளே கரி படிந்த கறுப்புகூட அப்படியே இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள். உத்தரங்களைச் செருகிய இடம் அது. மரத்தளம் மக்கிப் போய்விட்டது, அடுப்பு மட்டும் மேலே நிற்கிறது. அதன் பிறகு அரை மணி நேரம் குழிகளை எண்ணி எத்தனை மாடி என்று அவளே கணக்குப் போட்டாள்.

“யாரு உடைச்சாங்க?” என்பது அடுத்த கேள்வி. பீரங்கி, போர் என்று சொல்ல வாய் வரும். பல கட்டடங்களின் கதை அவ்வளவு வீரமானதல்ல. கூரை போனால் மழை சுவரின் தலையில் இறங்கும், சுண்ணாம்புக் காரை கரையும், கற்கள் ஒவ்வொன்றாகக் கழலும். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடாலயங்களைக் கலைத்தபோது, கூரையில் இருந்த ஈயத் தகடுகளை உரித்து உருக்கி எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. அக்கம்பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் சுவர் மூலைகளைக் கவனியுங்கள்: கைக்கு எட்டும் உயரம்வரை செதுக்கிய கற்கள் பெயர்க்கப்பட்டிருந்தால், அவை யாரோ வீடு கட்டக் கொண்டுபோனவையாக இருக்கலாம்.

சுவரில் ஏற விடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். மேல்வரிசைக் கல்லைப் பிடித்துவைத்திருக்கும் காரை எப்போதோ கரைந்திருக்கும். “இது ஆடும் பல்” என்று சொன்னேன், பல் விழும் வயதில் இருந்த மகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

உண்ணி இருக்கும் காடு என்றால் முழுக்கால் சட்டை போட்டு, காலுறைக்குள் செருகிவிடுங்கள். வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம்.

தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், முதல் வேரிலேயே மாட்டிக்கொள்ளும். ஐந்து வயதுதானே, நடந்துவிடும் என்று நினைப்பீர்கள். போகும்போது நடக்கும். வரும்போது தூக்க ஒரு தோள் காலியாக இருக்கட்டும்.