புயல் வராத வெள்ளத்துக்குக் காப்பீடு

அன்புள்ள அண்ணாச்சி,

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பஜாரில் எங்க கடை முங்கிப்போச்சு. சரக்கு பூரா வீண். கரீபியன் தீவுகளில் புயல் அடித்தால் அரசாங்கத்துக்கே இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸ் பணம் வந்துவிடும் என்று படித்தேன். நம்ம அரசும் அப்படி எடுத்திருந்தால் எங்களுக்குச் சீக்கிரம் ஏதாவது கிடைத்திருக்குமா?

ஏரல் வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தத் தீவுகளின் புயல் பாலிசியை அப்படியே இங்கே எடுத்திருந்தால் அன்றைக்கு ஒரு பைசாகூட வந்திருக்காது.

2004-இல் ஐவன் புயல் கிரெனடாவைச் சிதைத்தது. சேதம் அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் இரு மடங்கு. அதன்பின் 2007-இல் தீவு நாடுகள் சேர்ந்து பொதுக் காப்பீட்டு நிதியம் தொடங்கின. எல்லாத் தீவையும் ஒரே வருஷத்தில் புயல் தாக்காது என்பதால் பிரீமியம் கட்டுப்படியாகிறது. சர்வேயர் வந்து சேதத்தை எண்ணும் வேலை அதில் இல்லை. புயலின் பாதையையும் காற்று வேகத்தையும் கணினியில் போட்டு, அரசுக்கு இவ்வளவு இழப்பு என்று கணக்கிடுவார்கள். பேசிவைத்த அளவைத் தாண்டினால் 14 நாளுக்குள் பணம். 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப்பின் கிரெனடாவுக்கு 4.2 கோடி டாலருக்கு மேல் வந்தது.

அதே பெரில் ஜமைக்காவையும் அடித்தது. நிதியத்தின் பாலிசி போக, 15 கோடி டாலருக்குத் தனியாகப் பேரிடர் பத்திரமும் அந்நாட்டிடம் இருந்தது. அதாவது முதலீட்டாளர்கள் போட்டுவைத்த பணம், குறித்த அளவு பேரிடர் வந்தால் அரசுக்குப் போய்விடும். அந்தப் பத்திரம் பார்த்தது புயலின் காற்றழுத்தத்தை. அழுத்தம் குறித்த அளவுக்கு இறங்கவில்லை. கூரைகள் பறந்தும் பத்திரப் பணம் வரவில்லை. 2025 அக்டோபரில் மெலிசா புயல் ஜமைக்காவுக்கு வந்தபோது முழுத் தொகையும் கிடைத்தது. ஆனால் மெலிசாவின் சேதம் சுமார் 880 கோடி டாலர். ஆக, இந்தப் பணம் முதல் சில வாரம் அரசு தடுமாறாமல் நிற்க உதவும். ஊரைத் திரும்பக் கட்டப் போதாது.

2023-இல் நம்ம பக்கத்து வெள்ளத்துக்குப் புயல் காரணமே இல்லை. குமரிக்கடல் பக்கம் மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். காற்றை அளக்கும் பாலிசிக்கு இதெல்லாம் கண்ணில் படாது. கரீபியன்காரர்களும் பிற்பாடு கனமழைக்கென்று தனிப் பாலிசி கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் நாகாலாந்து கனமழைக்குக் காப்பீடு எடுத்திருக்கிறது.

மழைப் பாலிசி என்றாலும் எங்கே அளப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாவட்டச் சராசரி எடுத்தால் அந்த 95 கரைந்துபோகும். ஏரலில் மட்டும் மழைமானி வைத்தால், மாஞ்சோலை மலையில் பெய்து மணிமுத்தாறு வழியாக இறங்கும் தண்ணீர் கணக்கில் வராது. மலை மழை, அணையில் திறக்கும் நீர், ஆற்றின் மட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற பாலிசியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

உங்கள் கடை விஷயம். அரசு எடுக்கும் பாலிசியில் பணம் கருவூலத்துக்குத்தான் போகும். அதில் சிறு கடைக்காரருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் என்று முன்கூட்டியே அரசாணை போட வேண்டும். அது இல்லாமல் மக்கள் பணத்தில் பிரீமியம் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அதுவரை காத்திருக்காதீர்கள். சிறு தொழிலுக்கென்றே ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி 2021 முதல் இருக்கிறது. வெள்ளமும் அதில் அடங்கும். கட்டிடத்தோடு சரக்கையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஸ்டாக் கணக்கின் நகலை ஏரலுக்கு வெளியே சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.