ராணுவத் துப்பாக்கியின் நைட் விஷன் சைட்டில் (இருட்டில் குறிபார்க்கும் கருவி) காட்சி ஏன் பச்சையாகத் தெரிகிறது?

அமாவாசை இரவில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பாருங்கள். கும்மிருட்டு என்போம், ஆனால் நட்சத்திர வெளிச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இந்த சைட்டுக்கு அது போதும். லென்ஸ் வழியாக வரும் ஒளி ஒரு மெல்லிய படலத்தில் பட்டு எலக்ட்ரான்களை உதிர்க்கும். அவை, தலைமுடியைவிட மெல்லிய துளைகள் லட்சக்கணக்கில் உள்ள கண்ணாடித் தகட்டுக்குள் பாய்ந்து, துளைச்சுவரில் மோதி மோதிப் பல மடங்கு பெருகும். கடைசியில் பாஸ்பர் (எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பொருள்) பூசிய திரையில் விழுந்து படமாகும். அதில் பச்சை பாஸ்பரை வைத்ததற்குக் காரணம் நம் கண்தான்: 555 நானோமீட்டர் அருகே, பச்சையில்தான் அதற்குக் கூர்மை அதிகம்.

அப்புறம், தெர்மல் சைட் வேறு ரகம். அதற்கு வெளிச்சமே வேண்டாம், வெப்பம் போதும். கரையேற்றிய ஃபைபர் படகின் இன்ஜின் சூடு ஆறும்வரை அதில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் காட்டாது.