கடைசி பத்து கிலோமீட்டர் ஏன் இழுக்கிறது? மாரத்தான் நெடு ஓட்டம்: கேள்வி பதில்

கேள்வி: நெடு ஓட்டப் பயிற்சியில் 24 கி.மீ. வரை சிரமமே இல்லை. 26 தாண்டினால் கால் கல்லாகிவிடுகிறது. கிலோமீட்டருக்கு 6:30 நிமிடத்தில் தொடங்குகிறேன், முடிக்கும்போது 8 நிமிடம் ஆகிறது. போட்டியிலும் 6:30-தான் என் இலக்கு.

கோளாறு 26-வது கிலோமீட்டரில் இல்லை, முதல் பத்தில் இருக்கிறது. போட்டி வேகத்திலேயே பயிற்சியையும் ஓடுகிறீர்கள். தசையும் ஈரலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சுமார் 500 கிராம், அதாவது 2,000 கலோரி. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ உடம்பு 26 கி.மீ. ஓடினால் 1,820. இதில் ஒரு பங்கைக் கொழுப்பு தரும். ஆனால் வேகம் ஏற ஏற அந்தப் பங்கு சுருங்கி, கிளைகோஜன் சீக்கிரம் தீரும்.

7:15 முதல் 7:30-க்குள் தொடங்குங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு இடையில் அறுந்தால் வேகம் அதிகம். தெம்பு மிச்சமிருந்தால் கடைசி 5 கி.மீ.யை மட்டும் 6:30-க்குக் கொண்டுவரலாம். முதல் ஒரு மணி நேரம் 'இவ்வளவு மெதுவாகவா?' என்று எரிச்சல் வரும். வரட்டும்.

கேள்வி: ஓட்டத்தின் நடுவே தெம்புக்காக எடுக்கும் சர்க்கரைக் கூழான ஜெல்லைச் சாப்பிட்டால் வயிறு கலக்குகிறது. சோர்வு வந்த பிறகுதான் எடுக்கிறேன், அப்படியும் இதே கதை.

சோர்வு வந்த பிறகு எடுப்பதே தாமதம். ஓட்டத்தின்போது ரத்தம் தசைக்குத் திருப்பிவிடப்படுவதால் குடலுக்கு வரத்துக் குறைவு. இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த குடலில் முதல் ஜெல்லை இறக்கினால் அது அப்படியே தேங்கும்.

முதல் ஜெல் 35-40-வது நிமிடத்தில், பிறகு 30-35 நிமிடத்துக்கு ஒன்று. ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20-25 கிராம் மாவுச்சத்து இருக்கும், உறையைப் பாருங்கள். மணிக்கு 30 கிராமில் தொடங்கி, சில வாரங்களில் 60 வரை ஏற்றலாம். குடலுக்கும் பயிற்சி வேண்டும்.

ஜெல்லோடு நான்கைந்து வாய் வெறும் தண்ணீர்தான். பலர் சறுக்குவது இங்கேதான்: ஜெல்லின் மேல் இனிப்பான விளையாட்டு பானத்தைக் குடிக்கிறார்கள். சர்க்கரையின் அடர்த்தி கூடினால் குடல் உடம்பிலிருந்து நீரை உள்ளே இழுக்கும். முடிவு கழிப்பறை வரிசை. முந்தைய நாள் மாலையிலிருந்து நார்ச்சத்தையும் குறையுங்கள். வலி வரக்கூடும் என்று ஓட்டத்துக்கு முன்பே ஐபுப்ரோஃபென் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது குடலையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் வதைக்கும்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

ஆளுக்கொரு கணக்குதான் சரி. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குறைந்த உடையில், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 70 கிலோ 68.6 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால் வியர்வை 1.9 லிட்டர். இரண்டு மணி நேர ஓட்டம் என்றால் மணிக்கு 0.95. முழுவதையும் ஈடுகட்டத் தேவையில்லை. எடையில் 2 சதவீதம் வரை குறைவதில் தவறில்லை. எடை கூடியிருந்தால்தான் கவலை, அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்நிலையில் மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, மருத்துவமனைதான்.

கேள்வி: காய்ச்சலில் இரண்டு நெடு ஓட்டங்கள் போயின. கடைசியாக ஓடியது 22. அட்டவணைப்படி இந்த வாரம் 30. ஓடலாமா?

கூடாது. காய்ச்சல் விட்டு, ஒரு வாரம் குறுகிய ஓட்டங்களில் உடம்பைச் சோதித்த பிறகு 18, 22, 25 என்று ஏறுங்கள். விட்டதைச் சேர்த்து ஓடுவது கடன் வட்டி போல, முழங்காலில் வந்து நிற்கும்.

கேள்வி: போட்டியை 5 மணி 30 நிமிடத்தில் முடிப்பேன். பயிற்சியில் 35 கி.மீ. ஓடியே ஆக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் வேகத்துக்கு அது நான்கரை மணி நேரம். மூன்றரை மணியைத் தாண்டினால் கிடைக்கும் பலனைவிட மீள ஆகும் நாட்கள் அதிகம். தூரத்தை மறந்து 3 மணி 30 நிமிடத்தில் நிறுத்துங்கள். முந்தைய நாள் 60-75 நிமிடம் நிதானமாக ஓடிவிட்டு வந்தால், களைத்த காலில் ஓடும் பழக்கமும் கிடைக்கும். கடைசிப் பெரிய ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு. 4 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடப்பதும் நல்ல முறைதான், முதல் நிமிடத்திலிருந்தே செய்தால்.

கேள்வி: கணுக்காலுக்கு மேலே எலும்பில் வலி. ஓடினால் குறையுமா?

தசை வலி பரவலாக இருக்கும், சூடேறினால் தணியும். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, இரவிலும் விண்ணென்கிறது என்றால் எலும்பில் கீறலாக இருக்கலாம். இன்றே நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கால் நகம் கறுத்துவிட்டது.

கால் வீங்கும், ஷூ வீங்காது. நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடைவெளி விட்டு வாங்குங்கள், அதுவும் மாலையில். கயிற்றைக் கடைசித் துளை வரை கோத்துக் கட்டினால் இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்காது.