மாலை போட்டால் 41 நாள் குடிக்காமல் இருக்கிற என் கணவரால் மற்ற நாட்களில் ஏன் முடியவில்லை? சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கலக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வேலந்தாவளத்தில் யாரோ தருவதாக நீங்கள் எழுதியிருக்கும் பொடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தூளாக்கிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடையாமல் சேர்ந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருப்பவர் இறந்தேபோகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேலை நீடிக்கும். அதுவரை ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பும் நம் வீடுகளில் சாதாரணமாகக் குடிக்கும் அரிஷ்டமும்கூட ஆபத்து. டாக்டர்கள் இதைக் கொடுப்பது ஈரல் பரிசோதனை செய்து, கடைசிக் குடி முடிந்து குறைந்தது 12 மணி நேரம் கழித்து, அவரே தெரிந்து சம்மதித்த பிறகு. குடித்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் அங்கே பாதி மருந்து. தெரியாமல் கொடுத்தால் அந்தப் பாதி கிடையாது, விஷம் மட்டும் மிச்சம்.

இனி மாலை. நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்திய நிலையில் இருப்பது வேறு வேலை. உங்கள் கணவர் முதல் வேலையை ஒவ்வொரு கார்த்திகையிலும் சிகிச்சையே இல்லாமல் செய்கிறார். எனக்கு அதுதான் அதிகக் கவலை.

தினம் ஓர் ஆஃப் என்கிறீர்கள். 42.8 சதவீதச் சரக்கில் 360 மில்லி என்றால் ஏறக்குறைய 120 கிராம் சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை தன் அமைதிப்படுத்தும் காபா அமைப்பைக் குறைத்து, கிளர்த்தும் குளுட்டமேட்டைக் கூட்டிக்கொள்கிறது. பிரேக்கில் கால் வைத்தபடியே ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்டிப் பழகியதுபோல. ஒரு நாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்?

6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குக் குழப்பநிலை: இல்லாத ஆள் தெரிவார், உடம்பில் பூச்சி ஊரும், காய்ச்சல் அடிக்கும். விரதத்தில் இருப்பவர் இப்படிப் பேசினால் வீட்டில் அருள் வந்ததாக நினைத்துவிடுவார்கள். அது உயிர் போகும் அவசரநிலை. விரதத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு என்றால், ஏற்கெனவே குறைந்திருக்கும் தயமின் (பி1) இன்னும் குறையும். அந்த நிலையில் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நினைவும் நடையும் பாழாகலாம். ஊசி போடும் இடத்தில் தயமின் போட்டார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இன்னொன்று, இப்படித் திடீரென்று நிறுத்துவது ஒவ்வொரு முறையும் அடுத்த முறையை மோசமாக்கும். போன வருடம் நடுக்கம்தானே என்று விடாதீர்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது: குளோர்டயசிப்பாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். டாக்டர் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். 2020 ஊரடங்கில் கேரளத்தில் கடைகள் மூடியபோது, டாக்டர் சீட்டுக்கு மதுவே கொடுக்கலாம் என்று அரசு உத்தரவிட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றமும் தடை போட்டது. மாத்திரை இருக்கும்போது சரக்கு எதற்கு என்பதுதான் என் கருத்தும்.

இரண்டாவது வேலை நீளமானது. மாலை கழற்றியதும் குடிப்பதைத் திமிர் என்று சொல்லிவிடுவது சுலபம். குடிநோயில் ஏறக்குறைய பாதி பரம்பரைக்கூறு. சின்ன வயதில் தொடங்கியது, கவனிக்காத மனச்சோர்வு, கைக்கெட்டும் தூரத்தில் கடை, இவை மீதி. கேரளத்தில் ஒன்றாம் தேதி கடை அடைப்பு என்றால் என்ன, பார்டர் தாண்டினால் டாஸ்மாக். அந்த 41 நாள் கறுப்பு வேட்டி, கூட்டாளிகள் கூப்பிடாதது, இரண்டு வேளைக் குளியல், பஜனை என்று நாளே வேறு மாதிரி ஓடும். கழற்றிய மறுநாள் பழைய நாள் திரும்பிவிடும். ஆகவே மாலை கழற்றும் வாரத்துக்கு முன்பே மனநல டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் (வழக்கமாகத் தினம் 50 மி.கி.), அல்லது அகாம்ப்ரோசேட் (333 மி.கி. இரண்டு மாத்திரை, மூன்று வேளை). முதலாவதை டிராமடால் வலிமாத்திரை சாப்பிடுபவருக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டாவதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். கவுன்சிலிங்கோடு ஆறு மாதமாவது தொடர வேண்டும். நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் மருந்து தோற்றதாக அர்த்தமில்லை. மறைக்காமல் டாக்டரிடம் சொன்னால் போதும்.

ஆளை வண்டியில் தூக்கிப்போய்ச் சங்கிலியில் கட்டி வைக்கும் தனியார் மையங்கள் பக்கம் போகாதீர்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. எந்த மையமானாலும் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கேரளப் பக்கம் அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் உதவி எண் 14405, நாடு முழுக்க 14446. கோவை பக்கம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு.

ஓபிக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், எவ்வளவு, முன்பு ஃபிட்ஸ் வந்ததா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், அரிஷ்டம் உட்பட. அந்தப் பொடியை ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.